ஒத்துப்போன கணக்கு

கோட்டுச்சேரி மாதாகோவில் மண்டபத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆக்சிலியாவுக்குப் பாராட்டு விழா. மின்சாரம் போனாலும் தானே குளிர்ந்துகொள்ளும் அணு உலையை வடிவமைத்தவள் என்று தம்பி யேசுராஜ் தெருவெல்லாம் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தான். உலையை ஒருத்தி மட்டும் வடிவமைக்க முடியாதென்று சொல்லிப் பார்த்தாள். ஊர் கேட்குமா? பம்பு நின்றால் உலை எவ்வளவு சூடாகும் என்கிற கணக்குதான் அவளுடையது. ஆனால் மொத்த வடிவமைப்பும் அதன் மேல்தான் நின்றது.

மத்தியானம், மேடைப் பேச்சுக்காக அந்தக் கணக்கின் அறிக்கையைத் திறந்தவள் விடைகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அவர்கள் குழுவில் ஒரே கணக்கை இரண்டு பேர் ஒருவருக்கொருவர் காட்டாமல் போட வேண்டும். அப்படிப் போட்டால் விடைகள் கிட்டத்தட்டத்தான் ஒத்துவரும். இங்கே நாலாவது தசமம்வரை ஒன்றாக இருந்தது. அறிக்கை முடிந்த அன்றைக்கு இதைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டோமே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

சரிபார்த்தவன் வரிச்சிக்குடி அறிவுச்செல்வன். நம்ம பக்கத்துப் பிள்ளை என்று அவள்தான் குழுவில் சேர்த்தாள். போன் போட்டாள்.

"தம்பி, நீ தனியாத்தான் போட்டியா?"

"நீங்கதானே அக்கா ஒரு பார்வைக்குன்னு உங்க ஃபைலக் குடுத்தீங்க. அதையே ஓட்டிட்டேன். நீங்க போட்டா தப்பா வரும்?"

கொடுத்தது உண்மைதான். அவசரமென்று அவளே அனுப்பினாள். ஃபைலில் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தாள். குளிர்விப்பான் உலைக்கு மேலே பதினைந்து மீட்டர் என்றிருந்தது. நிலநடுக்கத்துக்குப் பயந்து அதைப் பதிமூன்றுக்கு இறக்கி ஒரு வருடமாகிறது; இந்தக் கணக்கைப் போட்டது அதற்கப்புறம். உயரம் குறைந்தால், உலையின் சூட்டைச் சுமந்து போகும் திரவம் தானாகச் சுழல்வதும் குறையும். பதிமூன்றைப் போட்டுத் தோராயமாகப் பார்த்தாள். சூடு எல்லையைத் தாண்டியது.

மறுபடி கூப்பிட்டாள். "தப்புன்னு எழுதிக் குடுக்கப்போறேன்டா."

"என் பேர மட்டும் விட்டுடுங்கக்கா. வேலை போயிடும்."

மனசு இளகியது. பழியை நானே சுமந்துகொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் உறைத்தது, அவளுடைய மற்ற ஏழு அறிக்கைகளையும் சரிபார்த்தவன் இவன்தான்.

"அந்த ஏழும் எப்படிப்பா போட்டே?"

"அதுவும் இப்படித்தான்க்கா," என்று போனை வைத்துவிட்டான்.

ஆக்சிலியா அழுதாள். பத்து வருட உழைப்பு, அத்தனையும் ஒற்றைக் கண்ணால் பார்த்தது. அழுது முடித்துக் குழுத் தலைவருக்கு எழுதினாள்: எட்டு அறிக்கைகளையும் இரண்டாம் ஆள் தனியாகச் சரிபார்க்கவில்லை. உலை வேலையை நிறுத்துங்கள். தவறு என்னிடமிருந்து தொடங்கியது. அறிவுச்செல்வன் பெயரையும் எழுதினாள். அனுப்பினாள்.

யேசுராஜ் வாசலில் நின்றான். "கிளம்புக்கா, பங்குச் சாமியார் வந்துட்டாரு."

"விழாவ நிறுத்தச் சொல்லு."

"ஊரே வந்து உக்காந்திருக்கு. என்னன்னு சொல்றது?"

"என் கணக்கு தப்புன்னு சொல்லு. இல்ல, இரு. நானே வந்து சொல்றேன்."