முன்தகட்டில் ஒரு துவாரம்

பட்டிப் பசையை நகத்தால் அழுத்திப் பொம்மை டாங்கியின் துவாரத்துக்குள் திணித்துவிட்டு, மாப்பிள்ளை திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "மாமா, முழிச்சிட்டுத்தானே இருக்கீங்க?"

"இருக்கேன்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்டுக்கொண்டிருந்தார். பெயிண்ட் கடை மாப்பிள்ளைக்குச் சாவென்றால் ஆகாது என்பது தெருவுக்கே தெரியும். வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கும் வீட்டைத் தாண்டுவதற்குப் பதில் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போவார். சொந்தச் சித்தப்பா செத்ததற்கே வாசலில் செருப்புகளுக்குக் காவல் நின்றுவிட்டு வந்த ஆள். அப்படிப்பட்டவரை, டாக்டர் கைவிரித்த மாமனாரோடு பட்டப்பகலில் தனியாக உட்காரவைத்துவிட்டு மனைவி வலி மருந்து வாங்கப் போயிருந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, "ஓடிடாதீங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்றபின் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிப் போர் டாங்கி பொம்மை செய்வதுதான் பொழுது. பெட்டியில் இருப்பதை அப்படியே ஒட்டினால் அவருக்குச் சோறு இறங்காது. பெட்டியில் வந்தது உலகப்போரின் நடுவில் செய்த வண்டியின் மாதிரி. அதை அறுத்து, ராவி, போரின் கடைசி வருஷத்து வண்டியாக மாற்றியாக வேண்டும். புகைக்குழாய் மூடி எந்த மாதம் மாறியது என்று முகம் தெரியாத ஒருவனோடு இணையத்தில் மழைக்காலம் முழுக்க மல்லுக்கட்டியவர். இந்த டாங்கியில் மாற்ற மிச்சமிருந்தது, ஓட்டுநர் வெளியே பார்க்க முன்தகட்டில் வைத்த துவாரம் ஒன்றுதான். பிந்திய வண்டிகளில் அது கிடையாது. தகட்டுக்கு அது பலவீனம் என்று எடுத்துவிட்டார்கள். மாமனாரின் கை நடுங்கியதால், பட்டி பார்க்கத் தெரிந்த மாப்பிள்ளை மாட்டிக்கொண்டார்.

"அடைச்சாச்சு மாமா. காய்ஞ்சதும் உப்புத்தாள் போட்டா ஓட்டை இருந்த இடமே தெரியாது."

பதில் இல்லை. மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கப் பயந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா." போன உயிர் திரும்பி வந்தது, மாமனாருடையது இல்லை, இவருடையது.

"அத எடுத்துடுங்க."

"எத?"

"பட்டிய. அடைக்க வேணாம்."

இப்போதுதான் மாப்பிள்ளை திரும்பினார். மாமனாரின் கண்கள் டாங்கியின் மேலேயே இருந்தன.

"நீங்கதானே மாமா சொன்னீங்க, கடைசி வருஷத்து வண்டில இது கிடையாதுன்னு. உங்க இணையத்து எதிரி பாத்தா சிரிக்க மாட்டானா?"

"சிரிக்கட்டும்." மூச்சு வாங்கியது. "உள்ள உக்காந்திருக்கறவன் பாவம். வெளிய பாக்க கூரையில ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். அது உடைஞ்சா ஒரே இருட்டு. எடுங்க மாப்ள."

அந்தரத்தில் தொங்கி, இருட்டுக் குழிகளில் பயமில்லாமல் வேலை பார்த்த மாமனாரின் கை, கட்டிலோரத்தில் எதையோ துழாவியது. மாப்பிள்ளையின் இடது மணிக்கட்டு அகப்பட்டதும் பிடித்துக்கொண்டது. ஜில்லென்ற பிடி. உதறிவிட்டு ஓட மாப்பிள்ளையின் கால்கள் தயாராகத்தான் இருந்தன.

"பயமா இருக்கா மாமா?" கேட்ட பிறகுதான், என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது.

"உங்களுக்கு?"

"இருக்கு."

"அப்ப எடுங்க."

டாங்கியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, மேசையில் கிடந்த ஊக்கை வலது கையால் எடுத்துப் பட்டியில் குத்தினார். பாதி காய்ந்திருந்தது. துணுக்குத் துணுக்காகத்தான் வந்தது.

"ஓரம் விட்டுடுச்சு மாமா."

"ம்."

"இன்னும் கொஞ்சந்தான்."

"ம்."

"பாதி தெரியுது மாமா."

ஊக்கு சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது.

மணிக்கட்டில் இருந்த பிடி தளர்ந்தது. அந்த விரல்கள் நழுவுவதற்குள் மாப்பிள்ளை தன் கையைப் புரட்டி அவற்றைப் பிடித்துக்கொண்டார். திரும்பவில்லை. "ஆச்சு மாமா, ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே குத்தினார். கடைசித் துணுக்கு உள்ளே விழுந்தது. ஊதினார்.

வாசல் கதவு திறந்தது. "என்னங்க, மருந்து கிடைச்சுடுச்சு. அப்பா தூங்கறாரா?"

மாப்பிள்ளை டாங்கியின் முன்தகட்டைத் தலையணைப் பக்கமாகத் திருப்பிப் பிடித்திருந்தார். இடது கையை விடவில்லை.

"மெதுவா வா" என்றார்.