வெட்டிய இடங்கள்

வங்கியிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் தெருவில் எல்லாருக்கும் அவர் மேனேஜர்தான். மகள் பிறந்த வருஷம் ஒரு வீடியோ கேமரா வாங்கினார். பத்து வருஷம் அதை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. அப்படிச் சேர்ந்த ஏழு கேசட்டுகளையும் டிஸ்க்கில் ஏற்றித் தரச் சொல்லி, மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஸ்டூடியோவுக்குத் துணிப்பையில் எடுத்துப் போனார்.

ஸ்டூடியோக்கார அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று நாடாவை விளக்கில் காட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கேசட்டை மெஷினில் செருகினார். திரையில் மகளின் மூன்றாவது பிறந்தநாள். ஸ்பீக்கரிலிருந்து ஒரு குரல் அதட்டியது: "ஏய், தள்ளு! குறுக்க வராதேன்னு எத்தனை தடவ சொல்றது?" கசங்கிய புடவை கட்டிய ஒருவர் குழந்தையின் கையை விட்டுவிட்டு அவசரமாக ஓரத்துக்கு நகர்ந்தார்.

மேனேஜருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் குரலா இது?

ஸ்டூடியோக்காரம்மா இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தார். "இந்தம்மா நடுநடுவுல வந்துட்டே இருக்காங்களே சார். வீட்டு வேலைக்கு இருந்தவங்களா? வேண்டாம்னா அந்த இடத்தையெல்லாம் வெட்டிடறேன்."

அது மேனேஜருடைய அக்கா. புருஷன் வீடு சரிப்படாமல் முப்பது வயதில் தம்பியிடம் வந்தவர். தம்பியும் தம்பி மனைவியும் வேலைக்குப் போக, குழந்தையை வளர்த்தது அவர்தான். இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறார். 'என் அக்கா' என்று சொல்ல மேனேஜர் வாயெடுத்தார். சொன்னால், தான் யாரை அப்படி விரட்டினார் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

"ம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் வந்திருந்தாள். அக்கா முகம் கழுவி, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். படம் ஓடியது. ஏற்றிய மெழுகுவத்தியிலிருந்து நேராக வெட்டிய கேக்குக்குத் தாவியது.

"என்னப்பா இது? அத்தைதான் என் கையைப் பிடிச்சு வெட்ட வெச்சாங்கன்னு அம்மா சொல்லுவாங்களே. அது எங்க?" என்றாள் மகள்.

மேனேஜர் வாய் திறக்கும் முன் அக்காவே பதில் சொன்னார். "பழைய கேசட்டும்மா. அழிஞ்சு போயிருக்கும்."

"ஆமா, பூஞ்சை" என்றார் மேனேஜர்.

"என் மூஞ்சியைப் பார்த்தா பூஞ்சைக்குக்கூட பசி எடுக்குது போல!" என்றார் அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை. நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை. இரண்டாவது டிஸ்க் முடிந்ததும், துணி எடுக்கணும் என்று அக்கா எழுந்து மாடிக்குப் போனார். கொடியில் அன்று துணியே இல்லை என்பது மேனேஜருக்குத் தெரியும்.

மறுநாள் ஸ்டூடியோ திறக்கும் முன்பே படியில் போய் நின்றார்.

"அவங்க வேலைக்காரங்க இல்லம்மா. என் கூடப் பிறந்த அக்கா. அந்தக் குரல் என்னோடது."

ஸ்டூடியோக்காரம்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அவரைப் பார்த்தார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்."

"வெக்கமா இருந்துச்சு."

"வெட்டாதது கம்ப்யூட்டர்ல இருக்கு. அப்படியே போட்டுத் தரேன்." கொஞ்சம் தயங்கினார். "உங்க சத்தத்தை மட்டும் எடுத்துடட்டுமா?"

மேனேஜருக்கு ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. "வேண்டாம். இருக்கட்டும்" என்றார்.

அடுத்த ஞாயிறு எல்லாரையும் மறுபடி உட்கார வைத்தார். "பூஞ்சை எல்லாம் இல்ல. வெட்டச் சொன்னது நான்தான்" என்றார். ஸ்டூடியோவில் நடந்ததையும் ஒன்று விடாமல் சொன்னார். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, போடு" என்றார் அக்கா.

"ஏய், தள்ளு!" என்று டி.வி. கத்தியது. மகள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மேனேஜர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்.

அக்கா திரைக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எவ்வளவு முடி இருந்திருக்கு எனக்கு!"

"அக்கா, நான் அப்படி..."

"சும்மா இருடா. பார்க்க விடு."

அதற்கு மேல் அன்று அக்கா தம்பியிடம் எதுவும் பேசவில்லை. படம் முடிந்ததும் டிஸ்க்கை உறையில் போட்டு, தன் அறைக்கு எடுத்துப் போனார்.