துடைத்துவிட்டு நறுக்கு

தையல் ஆலையின் உணவுக்கூடத்தில் பச்சைக் கோழிக்கும் வெள்ளரிக்காய்க்கும் ஒரே வெட்டுப்பலகைதான். சமையல்காரி மூன்று மாதமாக இன்னொன்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் வீட்ல எத்தனை பலகைம்மா வச்சிருக்கே?" என்று மேலாளர் சிரிப்பார்.

"என் வீட்ல முந்நூறு பேர் சாப்பிடலையே சார்."

அதனால் கோழி வெட்டியதும் பலகையைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிய பிறகே காய் நறுக்குவாள். அன்று சாப்பாட்டு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. மேலாளர் தலைமேல் வந்து நின்றார். "சும்மா துடைச்சிட்டு நறுக்கும்மா, ஒண்ணும் ஆகாது." துடைத்துவிட்டு நறுக்கினாள்.

மறுநாள் முப்பத்தொரு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள். காய்ச்சல், வாந்தி, ஓயாத பேதி. அதே ஆலையில் காலர் தைக்கும் அவளுடைய தங்கையும் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கண் குழிந்து, உதடு வெடித்து, கையில் குளுக்கோஸ்.

"சால்மோனெல்லா. பச்சைக் கோழியில இருக்கிற கிருமி," என்றார் டாக்டர். "வேகவச்சா செத்துடும். வெள்ளரிக்காயை யாரும்மா வேகவைக்கிறாங்க?"

சுகாதார ஆய்வாளர் விசாரிக்க வந்த அன்று, மேலாளர் வாய் கூசாமல் சொன்னார்: "இந்தம்மா கை கழுவறதே இல்ல சார்."

அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. பலகையைத் தூக்கிவந்து மேலாளரின் மேசைமேல், காகிதங்களுக்கு நடுவில், ஓங்கிப் போட்டாள்.

"துடைச்சது நான்தான் சார், மறைக்கல. துடைக்கச் சொன்னது யாரு? கேட்ட பலகை எங்கே? இவரு சாப்பாடு தினம் வீட்லருந்து டப்பால வருதே, ஏன்னு கேளுங்க!"

ஆய்வாளர் பலகையில் கத்தி கீறிய பள்ளங்களை விரலால் தடவிப் பார்த்தார். அன்றே சமையலறைக்குச் சீல் வைத்தார். தவறு முழுவதும் அவளுடையதென்று எழுதி நிர்வாகம் நீட்டிய தாளில் அவள் கையெழுத்துப் போடவில்லை. மூன்று நாள் விசாரணை முடிந்ததும் வேலையை விட்டுப் போனது மேலாளர்தான்.

ஆனாலும் அவள் ஆத்திரம் அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் கஞ்சி ஊட்டும்போது தங்கை ஈனக்குரலில் கேட்டாள்: "நீ முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்லக்கா?"

"சொல்லியிருக்கணும்டி," என்றாள் அக்கா. கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "அந்த ஆள் மேல இருக்கிற கோவத்துல பாதி என்மேலதான்."