படகுத்துறையில் படித்த நாவல்

எங்கள் சுப்ரபா அண்ணி, வங்காளத்தில் காட்வா ஊர் அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டு நர்ஸ். கதையும் கவிதையும் எழுதுகிறவள். இரண்டு கவிதைத் தொகுப்புகள் வந்து, கல்கத்தாவில் நாலு பேர் பாராட்டியும் இருந்தார்கள். நான் அவள் கணவரின் தம்பி. அவளுடைய முதல் வாசகன், முதல் வம்புக்காரன்.

எழுபத்தொன்பதில் தன் முதல் நாவலை எழுதி முடித்தாள். பாகீரதி ஆற்று மீனவப் பெண்களின் கதை. பன்னிரண்டு வருடமாக அவள் வார்டில் வலியில் கத்தியவர்கள், வைதவர்கள், பிள்ளை முகம் பார்த்துச் சிரித்தவர்கள். அவர்கள் பேச்சை அப்படியே எழுதியிருந்தாள்.

கல்கத்தாவின் பெரிய பத்திரிகை ஆசிரியர் ஒருவர், துர்கா பூஜை சிறப்பிதழுக்காக அதைக் கேட்டு வாங்கினார். ஒரு மாதம் கழித்து அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். லூச்சிப் பூரியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"கதை பிரமாதம்மா. இந்தப் பேச்சுதான் உதைக்குது. எல்லாரும் பேசுற மாதிரி மாத்திக் கொடுங்க, முதல் நாவலா போடுறேன்."

"எல்லாரும்னா யாரு சார்?"

"கல்கத்தாவுல நாம பேசுறோம்ல, அப்படி."

"கல்கத்தாக்காரங்க என் வார்டுக்குப் பிள்ளை பெத்துக்க வரலையே சார். உங்களுக்காக ஒரு சொல்லும் மாத்த முடியாது."

அவர் கையெழுத்துப் பிரதியை மேசையில் வைத்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார். நான் அண்ணியிடம் பாய்ந்தேன்.

"கொஞ்சம் வளைஞ்சு கொடுத்தா உங்க முதுகு ஒடிஞ்சா போயிடும், அண்ணி?"

"என் முதுகு ஒடியாதுடா. அவளுங்க நாக்கு ஒடிஞ்சிடும்."

சொன்னாளே தவிர, ஒரு வாரம் முகமே சரியில்லை. பிறகு ஒரு மார்கழி மத்தியானம், பிரதியை என் கையில் கொடுத்துப் படகுத்துறைக்கு நடந்தாள். தான் காதால் கேட்டு எழுதியது சரியா என்று அவர்களே சொல்லட்டும் என்றாள்.

வலை பின்னிக்கொண்டிருந்த இருபது பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் பாதாசி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மூன்று பிள்ளைகளும் அண்ணி கையில் பிறந்தவை. அண்ணி வாசிக்க வாசிக்க, ஆளாளுக்கு முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். குடித்துவிட்டு வந்த கணவனை நாயகி திட்டும் இடம் வந்ததும் பாதாசி கையைத் தூக்கினாள்.

"நிறுத்து நர்ஸம்மா! புருசனை நாங்க இப்படியா வைவோம்? ரொம்ப மரியாதையால்ல இருக்கு!"

நாலே சொல்லில் வைது காட்டினாள். துறையே குலுங்கியது. அண்ணி பேனாவை எடுத்து, தன் வரியை அடித்துவிட்டு அந்த நாலு சொல்லையும் எழுதிக்கொண்டாள்.

"இப்ப சரியா இருக்கா?"

"இப்பத்தான் அவ எங்காளு."

திரும்பும்போது நான் சீண்டினேன். "ஆசிரியர் சொன்னா மாத்த மாட்டீங்க. பாதாசி சொன்னா மட்டும் மாத்துவீங்களாக்கும்?"

"அவருக்குத் தெரியாதுடா. இவளுக்குத் தெரியும்."

நண்பர்களும் நானும் நடத்திய சிற்றிதழில் நாவலை முழுசாகப் போட்டோம். முந்நூறு பிரதிகள் ஒரு மாதத்தில் தீர்ந்தன. கடிதங்கள் வந்து குவிந்தன. அடுத்த பூஜைக்குள் அதே ஆசிரியரிடமிருந்தும் ஒன்று: 'நான் தவறு செய்துவிட்டேன். ஒரு எழுத்தும் மாற்றாமல் புத்தகமாக வெளியிட அனுமதி தாருங்கள்.' அண்ணி கொடுத்தாள். புத்தகத்துக்கு ஒரு பரிசும் கிடைத்தது.

கல்கத்தா விழாவுக்கு அண்ணி பாதாசியையும் கூட்டிப்போனாள். தன் முறை வந்தபோது அவளையும் மேடைக்கு அழைத்தாள். பாதாசி மைக்கை ஒரு தரம் முறைத்துப் பார்த்தாள்.

"நாங்க வாயைத் தொறந்தாலே சந்தையில மூக்கைச் சுளிப்பாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. எம்மவளுக்குத் தெரியும். தெனம் சாயங்காலம் அவ இதைப் படிக்கிறா, துறையே கேக்குது. போன வாரம் எம்மாமியா கேட்டா, நம்ம பேச்சு இம்புட்டு அழகாடின்னு."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அண்ணி மூன்று பக்கத்துக்கு ஏற்புரை எழுதி வைத்திருந்தாள். அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, பாதாசியின் கையை இறுகப் பற்றிக்கொண்டு நின்றாள். முன் வரிசையில் நானும் எழுந்து நின்று, பக்கத்தில் இருந்தவர் கேட்காமலேயே அவரிடம் சொன்னேன்: "எங்க அண்ணி."