ஓர் அங்குலம் கூடுதலாக

ஜெய்னுலாபுதீன் கடையின் கண்ணாடிப் பலகைமேல் மூன்று துப்பாக்கிகள் கிடந்தன. ஒர்த்தான்ஸ் அவற்றைச் சேலைத் துணி பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள். முதலில் முகப்பு, பிறகு உள்பக்கம், கடைசியில் விலை. காரைக்கால் கோயில் தெருவில் பாதிப் பேருக்கு ரவிக்கையும் கவுனும் தைத்துக் கொடுக்கிறவள் அவள். இஸ்திரிப் பளபளப்பை நம்பி ரெடிமேட் வாங்கி, ஒரு துவையலில் தையல் பிரிந்து அவளிடம் வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர். இன்று அவளே ஒரு ரெடிமேட் வாங்க வந்திருக்கிறாள்.

"இதுல பூவேலை எல்லாம் போட்டிருக்கே பாய், இது எதுக்கு?"

"பாக்குறதுக்குத்தான் மதாம். துரைமாருங்க கேப்பாங்க."

"பன்னி பாக்குமா?"

ஜெய்னுலாபுதீன் வாய்விட்டுச் சிரித்துவிட்டு முந்நூற்றுப் பத்து ரூபாய்த் துப்பாக்கியைத் தூக்கி அலமாரியில் வைத்தார். அவளுடைய கைப்பையில் இருந்தது இருநூற்று இருபது. அதை அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனாலும் அதற்குப்பின் அவர் கை அந்த அலமாரிப் பக்கம் போகவே இல்லை.

அவள் எழுதிக்கொண்டு வந்த காகிதத்தைப் பிரித்தாள். கையொன்று சரியில்லாதவர் சுடுவதற்கு என்று தலைப்பே போட்டிருந்தாள்.

ழில்பேருக்கும் அவளுக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். அதில் ஒன்பது வருஷம் அவன் சைகோனில் பட்டாளத்தில் இருந்தான். மாதம் ஒரு கடிதம், வரியெல்லாம் நூல் பிடித்ததுபோல நேராக இருக்கும். அந்தக் கையெழுத்தோடுதான் அவள் குடித்தனம் நடத்தினாள் என்று சொல்ல வேண்டும். போன வருஷம் திரும்பி வந்தபோது அவனுடைய வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். இப்போது அவனுடைய கடிதங்களை அவன் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

கடைசியாக எழுதியது பிரான்சிலுள்ள மர்சேலுக்கு. அங்கே கிடங்கொன்றில் காவல் வேலை இருக்கிறது, ஒற்றை ஆள் தங்க ஓர் அறை தருவார்கள், மூன்று வருஷ ஒப்பந்தம் என்று பழைய பட்டாளத்துச் சினேகிதன் கூப்பிட்டிருந்தான். கப்பல் பங்குனி பிறந்ததும் கிளம்புகிறது. வருகிறேன் என்று ழில்பேர் சொன்னான். வருகிறேன் என்று அவள் எழுதினாள். ஓர் எழுத்துகூடப் பிசகாமல் எழுதி, ஒட்டி, அவளே கொண்டுபோய்த் தபாலிலும் போட்டாள். தபாலாபீஸ் வாசலில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றாள்.

அவன் போகாமல் இருக்க ஒரே வழிதான் இருந்தது. வரிச்சிக்குடிப் பக்கம் மணற்பாங்கான நிலத்தில் அல்லா பிச்சை மரைக்காயர் கடலை போட்டிருந்தார். ஆற்றோரத்து நாணற்புதரிலிருந்து பன்றிகள் கூட்டமாக இறங்கிக் கொல்லையை உழுதுவிட்டுப் போகின்றன. துப்பாக்கியும் அதற்குச் சர்க்கார் கொடுக்கிற பெர்மியும் வைத்திருக்கிற காவலாள் அவருக்கு வேண்டும். ஒரு நிமிஷத்துக்குள் ஐந்து பானைகளைச் சுட்டுக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. ழில்பேரிடம் துப்பாக்கி இருந்தது. ஆனால் அது ஒவ்வொரு வெடிக்கும் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ள வேண்டிய பழைய ரகம். ஒரு மத்தியானம் அவன் தோட்டா போடாமல் அதை இழுத்துப் பார்த்ததை அவள் அடுப்படியிலிருந்து பார்த்தாள். ஒவ்வொரு முறையும் தோளிலிருந்து இறக்கி, முழங்கால் இடுக்கில் வைத்து, இடது கையால் இழுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது தடவையோடு நிறுத்திவிட்டுத் துப்பாக்கியைத் துணியில் சுற்றி வைத்தான். அன்று சாயங்காலம்தான் மர்சேல் கடிதத்தைச் சொல்லி எழுதச் சொன்னான்.

"இந்த ரெண்டுமே செமி ஆட்டோமேட்டிக்தான்" என்றார் ஜெய்னுலாபுதீன். "ஒரு தடவை விசையை அழுத்தினா ஒரு வெடி. அடுத்த தோட்டா தானா வந்து உக்காந்துக்கும். இழுக்கிற வேலையே இல்ல. முசியே எந்தத் தோள்ல வைப்பாரு?"

"இப்ப இடது தோள்லதான். வலது கை கீழ தாங்கத்தான் ஆவும்."

"அப்ப நூத்தித் தொண்ணூறு ரூபாதான்னு இதை எடுத்துறாதீங்க. சுட்ட தோட்டாக் கூடு வலப்பக்கமாத் தெறிக்கும். இடது தோள்காரருக்கு மூஞ்சிக்கு முன்னாடி சுடச்சுடப் பறக்கும். உள்ள இருக்கிற சுருள் கம்பியும் தளந்துருக்கு. இது பெல்ஜியத்து சாமான். கூடு நேராக் கீழ விழும். தோள்ல வைக்கிற கட்டையில ஒரு கீறல் இருக்கு பாருங்க, அதனால இருநூத்தி அஞ்சு."

ஒர்த்தான்ஸ் கீறலை நகத்தால் வருடிப் பார்த்தாள். மேலோடு போன கீறல். ஓரத்தில் கறை படிந்த பட்டுத் துணியை விலை குறைத்து வாங்கி, அந்தக் கறை மடிப்புக்குள் போகும்படி வெட்டித் தைத்த அனுபவம் அவளுக்கு உண்டு.

"இதையே குடுங்க."

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க மதாம். ரெடிமேட் சாமான், வெள்ளைக்காரன் கை நீளத்துக்குச் செஞ்சிருக்கான். விசையிலேருந்து கட்டை முடிவு வரைக்கும் பதினாலு அங்குலம். முசியே முழங்கையை மடக்கி வச்சு, உள்மடிப்புலேருந்து ஆள்காட்டி விரல் பாதி வரைக்கும் அளந்துக்கங்க. மிச்சத்தைக் கருப்பையன் ஆசாரிகிட்ட அறுத்துக்கலாம்."

அன்று மாலை அவள் அளவு நாடாவோடு அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"சட்டை தைக்கலாம்னு. கையை மடக்குங்க."

"மர்சேல் குளிருக்கு உன் பருத்திச் சட்டையா?"

"கப்பல்ல போட்டுக்கங்க."

"விரல் வரைக்கும் எதுக்கு அளக்குற? கை உறையும் சேத்துத் தைக்கிறியா?"

அவள் நாடாவில் எண்ணைப் படித்தாள். பன்னிரண்டரை அங்குலம். இத்தனை வருஷத்தில் அவனை இவ்வளவு நெருக்கத்தில் நின்று அளந்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முழங்கை மடிப்பில் ஒரு சின்ன மச்சம் இருந்தது. அதை எந்தக் கடிதத்திலும் அவன் எழுதியதில்லை.

ஆசாரியிடம் அளவு சொன்னாள். கருப்பையன் அவள் சொன்ன இடத்தில் அறுத்து, ரம்பத் தடம் தெரியாமல் இழைத்துக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் துப்பாக்கியைக் கட்டிலின்மேல் வைத்தாள். ழில்பேர் முதலில் அதைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"யாரு துப்பாக்கி இது?"

"உங்களுதுதான். பெர்மி புஸ்தகத்தை நான்தான் எடுத்துட்டுப் போனேன். உங்க பேருலதான் பதிஞ்சிருக்கு. நாளைக்குக் காலையில வரீங்கன்னு மரைக்காயருக்குச் சொல்லியனுப்பிட்டேன்."

"மர்சேலுக்கு நீதானடி எழுதின?"

"நீங்க சொன்னீங்க, எழுதினேன். இது நான் சொல்றது."

அவன் எழுந்து துப்பாக்கியை இடது தோளில் ஏற்றினான். கட்டையின் முனை அக்குளில் போய் மாட்டிக்கொண்டது. கழுத்தை நீட்டிப் பார்த்தான், விரல் விசையை எட்டவில்லை. அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"அளந்துதான சொன்னேன். பன்னெண்டரை."

"இது பன்னெண்டரையா?"

"இல்ல, ஆசாரிகிட்ட பதிமூணரைன்னு சொன்னேன். எல்லாத்துக்கும் ஒரு அங்குலம் சேத்துத்தான விடுவோம்..." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே விளங்கிவிட்டது.

ழில்பேர் துப்பாக்கியை மெதுவாகக் கட்டிலில் வைத்தான். தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று அவள் பயந்தாள்.

"துவைச்சா சுருங்கிடும்னு நினைச்சியாடி?"

அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் நீர் வரும்வரை, மூச்சு வாங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். திரும்பி வந்த இந்த ஒரு வருஷத்தில் அவன் சத்தம்போட்டுச் சிரித்து அவள் கேட்டதில்லை. முதலில் ரோஷம் வந்தது, பிறகு அவளுக்கும் அடக்க முடியவில்லை. "சின்னதா வெட்டியிருந்தா ஒட்ட முடியுமா? பெருசா இருந்தாத்தான் குறைக்கலாம்" என்று சொல்லிப் பார்த்தாள். "அப்ப ஓரத்தை மடிச்சுத் தைச்சுக் குடு" என்றான் அவன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே இருவரும் கருப்பையன் வீட்டுக்குப் போய் நின்றார்கள்.

திங்கட்கிழமை பனி விலகும்போது மரைக்காயர் கொல்லையில் இருந்தார். வரப்பின்மேல் ஐந்து பானைகளைக் கவிழ்த்து வைக்கச் செய்திருந்தார். அவருடைய கையில் சங்கிலிக் கடிகாரம். ஒர்த்தான்ஸ் கிணற்று மேட்டில் நின்றாள். ழில்பேர் இரண்டு விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே குழலைத் தாங்கிக்கொண்டான். கட்டை தோளில் அளவெடுத்து வைத்ததுபோல உட்கார்ந்தது. வெடிகள் அடுத்தடுத்துக் கேட்டன. கூடுகள் அவன் காலடி மணலில் விழுந்தன. நாலு பானைகள் உடைந்தன. ஐந்தாவது, ஓரம் பெயர்ந்து அப்படியே நின்றது.

மரைக்காயர் கடிகாரத்தைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், கடைசியில் ழில்பேரின் கையைப் பார்த்தார்.

"அஞ்சுன்னுல்ல சொல்லியிருந்தேன் முசியே."

"ஆமாங்க."

"அரை நிமிஷம்கூட ஆவல." அவர் தாடியைத் தடவினார். "பன்னி பானை மாதிரி நிக்கவும் நிக்காது. ஒண்ணு பண்ணுங்க. இந்தக் கடலை பறிக்கிற வரைக்கும் இருங்க. பறிச்சப்புறம் மேற்கொண்டு பேசிக்குவோம், இன்ஷா அல்லாஹ். ரெண்டு மாசத்துக்குத்தான் என்னால இப்ப வாக்குக் குடுக்க முடியும். யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் வண்டியை நோக்கி நடந்தார். ழில்பேர் துப்பாக்கியைத் தரையை நோக்கித் தாழ்த்திப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றான். இரண்டு மாதம் இருந்தால் கப்பல் போய்விடும். மூன்று வருஷத்துக்குப் பதிலாக இரண்டு மாதம். ஒர்த்தான்ஸ் மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். இருந்துவிடுங்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் அந்தத் துப்பாக்கியோடு சேர்த்துக் கட்டிலின்மேல் வைத்தாயிற்று.

"கடலை எப்பப் பறிப்பாங்க?" என்று அவன் கேட்டான்.

"எனக்கென்ன தெரியும்? நான் துணிக்காரி."

அவன் துப்பாக்கியில் மிச்சத் தோட்டா இல்லை என்று திறந்து பார்த்துவிட்டு வரப்பில் சாய்த்து வைத்தான். பிறகு கடலைப் பாத்தியில் குந்தி, ஒரு செடியின் கிளையை அந்த இரண்டு விரல்களாலும் ஒதுக்கினான். அவளும் பக்கத்தில் குந்தினாள். இலைக்கடியில் மஞ்சள் பூக்கள் பல வாடித் தொங்கின. வாடிய ஒவ்வொரு பூவின் காம்பிலிருந்தும் ஊசிபோல ஒரு விழுது கீழ்நோக்கி நீண்டிருந்தது. சில அப்போதுதான் மண்ணைத் தொட்டிருந்தன. சில காய் பிடிக்க உள்ளே இறங்கிவிட்டன. ஒன்று மட்டும் ஈர மணலுக்கு ஒரு நெல் உயரம் மேலே, எட்டாமல் நின்றது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.