ஏறியது எந்தச் சர்க்கரை

அக்காவின் கை இரண்டும் சர்க்கரை மூட்டைக்குள் இருந்ததால், மணியடித்த போனைத் தம்பிதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"அம்மா, சர்க்கரை ஏறிடுச்சு. நாம நினைச்சதவிட ரொம்ப. சட்டுனு இறங்காதாம்" என்றாள் மகள்.

மொத்தச் சர்க்கரை விற்கும் கடையில் சத்தமாகச் சொல்லக்கூடிய வாக்கியமா அது? விலை படியவில்லை என்று வெகுநேரமாகச் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்த பேக்கரிக்காரர், வாசல்படியிலிருந்து ஒரே தாவலில் திரும்பி வந்தார்.

"அக்கா, நீங்க சொன்ன விலையே இருக்கட்டும். ஏத்தச் சொல்லுங்க."

தம்பி கண்ணடித்தான். எந்தச் சர்க்கரை என்று அவனுக்குத் தெரியும். கிடங்குப் படியில் அக்காவுக்கு நெஞ்சடைத்தபோது கைத்தாங்கலாக டாக்டரிடம் கூட்டிப்போனவனே அவன்தான். வாயைத் திறந்துவிடாதே என்று இப்போது புருவத்தாலேயே கெஞ்சினான்.

டாக்டரம்மா அன்று கடை பாஷையிலேயே விளக்கியிருந்தாள். உடம்பின் அறையெல்லாம் சரக்கு நிறைந்துவிட்டது. இன்சுலின் என்கிற சுமைக்காரன் கதவைத் தட்டுகிறான், உள்ளே திறப்பாரில்லை. மேலும் மேலும் ஆளை அனுப்புகிறது உடம்பு. இறக்க இடமில்லாத மூட்டையெல்லாம் தெருவில், அதாவது ரத்தத்தில், கிடக்கிறது. இதயத்துக்குப் போகிற வழியும் அந்தத் தெருதான். "மருந்து தர்றேன். ஆனா சரக்கு வரத்தை நிறுத்தாம ஆளை மட்டும் கூட்டினா கட்டுப்படியாகுமாம்மா?" என்று கேட்டாள். கட்டுப்படியாகாத எதையும் அக்கா வாழ்நாளில் வாங்கியதில்லை. இதே கடை நாற்காலியில், கையில் டீயோடு சரிந்துபோன அவள் கணவனிடம் இதை யாரும் இப்படிச் சொல்லியிருக்கவில்லை.

"அண்ணே, ஏறினது என் ரத்தத்துல இருக்கற சர்க்கரை. மார்க்கெட்ல அது இருந்த எடத்துலயேதான் இருக்கு" என்றாள்.

"சர்க்கரையிலயே மண்ணை அள்ளிப் போட்டுட்டியேக்கா!" என்று தலையில் கைவைத்துக்கொண்டான் தம்பி.

பேக்கரிக்காரர் சிரித்தார். சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பேரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கி, இருவருக்கும் கொஞ்சம் வலிக்கிற இடத்தில் நின்றது. சுமைக்காரர்கள் தோளில் மூட்டையை ஏற்றினார்கள். பேக்கரிக்காரர் தானே ஒரு மூட்டையைத் தேர்ந்து, ஒரு சிட்டிகை அள்ளி, உள்ளங்கையை அவள்முன் நீட்டினார். அவள் அதை எடுத்து நாக்கில் வைத்தால்தான் வியாபாரம் முடிந்ததாக அர்த்தம். பிறகு இருவருக்கும் டீ. இந்தக் கடையில் முத்திரை, கையெழுத்து எல்லாம் அவள் நாக்குதான். வருகிற ஒவ்வொருவருக்கும் அப்படித்தான், காலையிலிருந்து கடை சாத்தும்வரை.

"மாட்டேன்."

"ஒரு சிட்டிகைக்கா. என்ன ஆயிடப் போகுது?"

"நீங்க ஒரு சிட்டிகைம்பீங்க. அடுத்து வர்றவரும் அதையேதான் சொல்வார். எல்லார் சிட்டிகையும் வந்து சேர்ற மூட்டை நான்தான்."

"விக்கறவங்களே வாயில வைக்காத சரக்கை நான் எப்படி வாங்கறது?"

"பெயின்ட் கடைக்காரர் குடிச்சுக் காட்டினாத்தான் பெயின்ட் வாங்குவீங்களோ?"

"பெயின்ட்டை நான் கேக்குல போடறதில்லையே!"

"உங்க கேக் கலரைப் பாத்தா அப்படித் தெரியல."

சுமைக்காரர் ஒருவர் மூட்டையோடு குலுங்கினார். பேக்கரிக்காரர் சிரிக்கவில்லை. அவர் போய்விட்டால் இந்தத் தெருவில் பாதி வாடிக்கை அவர் பின்னால் போகும். அது தெரிந்த தம்பி, "நான் போட்டுக்கறேண்ணே" என்று வாயைத் திறந்தபடி முன்னால் வந்தான்.

"வாயை மூடுறா. உன் தொப்பைக்குப் பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டவளே நான்தான்" என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "இத்தனை வருஷம் சர்க்கரையோட என் நாக்கையும் சேத்து வித்துட்டேன். இனிமே சர்க்கரை மட்டும்தான் விற்பனைக்கு. தண்ணியில கரைச்சுப் பாருங்க, வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க. ருசி பாக்கணும்னா உங்க வாய் இருக்கு."

"என் வாயா?" என்றார் அவர், அப்படி ஒன்று தனக்கிருப்பதே இப்போதுதான் நினைவு வந்தவர்போல.

அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள். தோளில் மூட்டையோடு நின்றவர்கள் இறக்குவதா ஏற்றுவதா என்று தெரியாமல் கால் மாற்றி நின்றார்கள். பேக்கரிக்காரர் நீட்டிய கையை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். அது வாய்வரை போகாமல் பாதி வழியில், மார்புக்கு நேரே நின்றது. வியர்வையில் கரையத் தொடங்கிய சர்க்கரை உள்ளங்கை ரேகைகளில் பளபளவென்று இறங்கிக்கொண்டிருக்க, அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.