அணியத்தில் சர்க்கரை

என் வீட்டுக்காரர் இக்னேஷியஸ் உயிரோடு இருந்தவரை எங்கள் வீட்டில் எந்தப் பாத்திரமும் தன் வேலையை மட்டும் செய்து பிழைத்ததில்லை. அவர் போய் ஒரு வருஷம் ஆகிறது. போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய டீ வடிகட்டி ஒன்று கையில் சிக்கியது. கம்பி வலையெல்லாம் பிசின் இறுகிக் கண்ணாடியாகிக் கிடந்தது. அழுகை வருவதற்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்த வடிகட்டி வீணானது ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில். படகெல்லாம் காசிமேட்டில் சும்மா கிடக்க, ஆம்பளைகள் எல்லாம் வீட்டில் கிடந்து உயிரை வாங்குகிற காலம். எங்கள் ஃபைபர் படகின் அணியத்தில், அதாவது ஆள் நிற்கிற முன்முனையில், காலடியில் இருக்கும் மூடி விரிசல் விட்டிருந்தது. கடையில் கிடைப்பதெல்லாம் கலீஜ் என்று சொல்லிவிட்டு இவரே ஒன்று செய்தார். பழைய மூடியை அச்சாக வைத்து, ஃபைபர் துணியைப் பிசினில் நனைத்து நனைத்து அடுக்கினார். ஆமை முதுகு போல வளைவாக, அழகாகத்தான் வந்தது. ஆனால் ஒரே வழவழப்பு. ஈரக் காலோடு ஏறினால் நேரே கடல்தான்.

முந்தின சீசனில் பழைய மூடியில் ஒரு தடவை வழுக்கி விழுந்திருந்தார். கூடப் போகிற செங்குட்டுவன் பனியனைப் பிடித்து இழுத்திராவிட்டால் அன்றே முடிந்திருக்கும். இளவயதிலிருந்து அணியத்தில் நின்று, மீன் போகிற திசையைக் கை காட்டியே பழகிய மனுஷர். "இன்னொரு தபா வழுக்கிச்சின்னா அணியத்துல ஏற மாட்டேன்மே" என்று சொல்லியிருந்தார். அதனால் மூடி முழுக்கச் சொரசொரப்பு ஏற்ற வேண்டும். ஓர் இடம் கூட, ஓர் இடம் குறைய இருக்கக்கூடாது.

முதலில் கடற்கரை மணலைச் சலித்து ஈரப் பிசின் மேல் தூவினார். என் மாவுச் சல்லடை போயிற்று. வளைவில் மணல் நிற்குமா? சரிந்து ஓரமாகக் குவிந்தது. ஓரத்தில் தேங்காய்த் துருவி, நடுவில் கண்ணாடி. வலையை இழுத்துப் பார்த்தால் நூல் மாட்டியது. அத்தனையையும் வாசலில் வைத்துத் தேய்த்தெடுத்தார். அந்தத் தூள் கொடியில் காய்ந்த துணியிலெல்லாம் ஏறி, தெருவே சொறிந்துகொண்டிருந்தது.

ராயபுரத்தில் பிசின் விற்கிற யாசின் பாய்தான் அடுத்த யோசனையைச் சொன்னார்.

"சக்கரயத் தூவுண்ணே. இறுகுனதும் தண்ணி ஊத்து, கரஞ்சிபூடும். அது இருந்த எடம் மட்டும் குழிகுழியா நிக்கும். காலும் கிழியாது, வலையும் மாட்டாது."

"நான் சக்கர வியாதிக்காரன் பாய்."

"துன்றதுக்கா சொன்னேன்?"

டாக்டர் சொன்னதால் நான் வீட்டை விட்டே ஒழித்த சர்க்கரை, பை நிறைய திரும்பி வந்தது. அதுவும் சரிந்தது. கரைத்துக் கழுவிய தண்ணீருக்கு எறும்பு வந்தது. எறும்பு, மூடி, மனுஷர் என்று மூன்றையும் தாண்டித்தான் நான் தண்ணீர்க் குடம் தூக்க வேண்டியிருந்தது.

"குடுய்யா இங்க" என்று கடைசியில் நானே உட்கார்ந்தேன். பழைய டயர் மேல் மூடியை வைத்து, எந்தப் பகுதியில் தூவுகிறோமோ அது மட்டும் மட்டமாக மேலே பார்க்கும்படி அவர் சாய்த்துப் பிடித்தார். அந்தப் பட்டைக்கு மட்டும் பிசின். நான் டீ வடிகட்டியை விரலால் தட்டித் தட்டித் தூவினேன். அது இறுகிய பிறகு அடுத்த பட்டை. கழுவிப் பார்த்தால் மூடி முழுக்கச் சாத்துக்குடித் தோல் மாதிரி இருந்தது.

அவர் வெறுங்காலோடு ஏறி நின்றார்.

"லெஃப்ட்டுல வழுக்குதுமே."

உள்ளங்கையால் தடவினேன். எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. சொன்னால் கேட்கிறவரா? தேய்த்தெடுத்து அந்தப் பட்டையை மறுபடி போட்டோம். மறுபடியும் ஏறினார்.

"இன்னும் வழவழன்னுதான் கீது."

"என் கைக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது! என் இடுப்பே போச்சு!"

"கைய வெச்சிகினா கடல்ல நிக்கப் போறேன்? காலுக்குத் தெரியணும்மே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"யோவ், திரும்பி நில்லு."

"எதுக்கு?"

"நில்லுன்றேன்ல."

திரும்பி நின்றார். அதுவரை வலது காலின் கீழ் நன்றாக இருந்த பக்கம் இப்போது இடது காலின் கீழ் வந்தது. கொஞ்ச நேரம் காலை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"இப்ப இந்தப் பக்கம் வழுக்குது" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

அவரை இறக்கி உட்காரவைத்து, இடது காலை மடியில் எடுத்துவைத்துக்கொண்டேன். முகத்தைத் துறைமுகம் பக்கம் திருப்பிக்கொள்ளச் சொன்னேன். கட்டை விரல் நகத்தால் குதிகாலை அழுத்தினேன். நகம் பதிந்து வெள்ளையானது. அவர் கிரேனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எப்பமே அழுத்தப் போற?" என்றார்.

நான் காலைக் கீழே வைக்கவில்லை. "எப்பலேர்ந்து இப்புடி மரத்துக் கெடக்கு?"

"போன சீசன்லேர்ந்து."

"சொல்லித் தொலைக்கிறதுதானே! மணலையும் சக்கரையையும் திட்டிகினு கெடந்தியே!"

"சொன்னா வூட்லயே குந்துன்னுவ."

"ஆமா, குந்துன்னுதான் சொல்லுவேன்!"

தடை முடிந்தது. மூடியைப் படகில் பொருத்தினார்கள். கடலுக்குக் கிளம்புகிற அன்று நானும் கரையில் இருந்தேன். வழக்கமாக முதலில் அணியத்தில் ஏறுகிறவர், அன்று ஒதுங்கி நின்றார்.

"செங்குட்டு, இனிமே நீ முன்னால நில்லு. எனக்கு அதுல வழுக்குது."

செங்குட்டுவன் ஏறினான். தண்ணீரை அள்ளி மூடியில் ஊற்றி, குதித்தே பார்த்தான்.

"இன்னாண்ணே, கப்புனு புடிக்குது! இதுலயா உனக்கு வழுக்குது?"

இக்னேஷியஸ் என்னைப் பார்த்தார்.

"அவரு பேஜாரு புடிச்ச மனுசன்டா" என்றேன். "பொன்னால பண்ணிக் குடுத்தாலும் ஒரு கொற சொல்லுவாரு. நீ பேசாம நில்லு."

செங்குட்டுவன் சிரித்தான். இவர் பின்னால் போய், இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.